முந்நூற்று முப்பத்தாறு அழுகண்ணி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மருந்து கொடுக்கிற கைக்குக் கோபம் ஆகாது என்று பெரிய டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். பிறவிக் குணம், போகவில்லை. ஆனால் காசிநாதனிடம் நான் கோபப்பட்ட அளவுக்கு வேறு யாரிடமும் கோபப்பட்டதில்லை. அதில் பாதி என்மேலேயே எனக்கிருந்த கோபம் என்று இப்போது தெரிகிறது. நான் எழுதாவிட்டால் அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

செங்கல்பட்டுக்கு வெளியே பெருநோய்க்காரர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். பெயர் ஜானகிராமன். சொந்த ஊர் திருவிடந்தை. அப்பா கோயில் மடைப்பள்ளியில் இருந்தார். நான் இண்டர்மீடியட்டில் தாவரவியல் படித்துத் தேறாமல், கம்பவுண்டர் பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்தேன். இந்த வேலை வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. சாயங்காலம் திரும்பினால், கிணற்றடியில் சட்டை வேட்டியை நனைத்துப் போட்டுத் தலையோடு குளித்த பிறகுதான் என் மனைவி கோமளம் உள்ளே விடுவாள். அவளை மட்டும் குறை சொல்வானேன்? நான் மாத்திரையை நோயாளியின் உள்ளங்கையில் வைக்க மாட்டேன். ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவேன். தவறி விழுந்தால் அவர்களே பொறுக்கிக்கொள்வார்கள்.

காசிநாதன் 1948இல் வந்தார். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஏரிப் பாசனத்தில் நெல் போட்டுப் பிழைத்தவர். வரும்போது முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல் மடங்கிப்போயிருந்தது. மற்ற விரல்களின் நுனியில் உணர்ச்சியே இல்லை. ஒருமுறை கொதிக்கிற கஞ்சிப் பானையை வெறும் கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் உரிந்ததைப் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன பிறகே பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் புது மாத்திரை வந்தது. அதுவரை நாங்கள் போட்டுக்கொண்டிருந்த எண்ணெய் ஊசிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இந்த மாத்திரை நிஜமாகவே வேலை செய்தது. ஏழு வருஷம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார் காசிநாதன். ஆறு மாதம் தொடர்ந்து சோதித்ததில் கிருமி இல்லை. 1955 ஆடியில் பெரிய டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தார். அவர் இங்கிலீஷில் எழுதினார். ஊரில் படிக்க வேண்டுமே என்று அதற்குக் கீழே நான் தமிழில் எழுதினேன். முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, வாழ்க்கையில் ஏதோ சாதித்துவிட்டவன் போல அனுப்பி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மாத்திரை வரிசையின் கடைசியில் அவர் நின்றார்.

"நீதான் போயிட்டியேய்யா? திரும்ப எதுக்கு வந்தே?" என்றேன்.

"ஊரு ஒத்துக்கல சாமி," என்றார்.

நடந்ததை அவர் சொன்னபடி சொல்கிறேன். ஏரிக்கரையில் ஊர் கூடியிருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியாரைக் காகிதத்தைப் படிக்கச் சொன்னார்கள். வாத்தியார் அதைக் கையில் வாங்கவில்லை. காசிநாதன் இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, அவர் நாலு முழம் தள்ளி நின்று கழுத்தை நீட்டிப் படித்தார். படித்து முடித்ததும் சடையப்பன் பேசினார். சடையப்பன் ஊருக்குப் பெரிய தலை. காசிநாதனின் மனைவி எல்லம்மாளுக்கு உடன்பிறந்த அண்ணனும் அவர்தான்.

"மாத்திர தின்னு பெருவியாதி போச்சின்னு நான் எங்கியும் கேட்டதில்ல மச்சான். எங்க பாட்டன் காலத்துல ஒர்த்தருக்கு அழுகண்ணி தின்னு போச்சி. அவரு அப்புறம் எம்பது வயசு இருந்தாரு. நீயும் அத்தத் தின்னு. பொழுது கெளம்புறப்போ ஏழு செடி, பச்சையா, ஊரு கண்ணு முன்னால. ஒரு மண்டலம். உப்பு கூடாது. அப்புறம் வூட்டுக்கு வா. எந் தங்கச்சி கையால சோறு தின்னு. ஒர்த்தன் உன்ன ஒண்ணு சொல்லட்டும், நான் பாத்துக்குறேன்."

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவருக்குத் தெரிந்த ஒரே வாசலை அவர் திறந்து வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏழு வருஷம் நாங்க மாத்திரை கொடுத்திருக்கோம். பேரை மட்டும் ஏதோ ஒரு களை வாங்கிண்டு போகணுமா? நீ இதுக்கு ஒத்துக்கப் போறியா?" என்று கத்தினேன்.

"எனுக்கு வூட்டுக்குப் போவணும் சாமி," என்றார் காசிநாதன்.

அதற்கு மேல் அவரிடம் வாதம் கிடையாது. அன்றும் சரி, பிறகும் சரி.

அழுகண்ணியை நான் படித்திருக்கிறேன். தரையோடு ஒட்டி, காலணாக் காசளவுக்கு வட்டமாக விரியும் சின்னச் செடி. இலை முழுக்கச் சிவந்த மயிர். ஒவ்வொரு மயிர் நுனியிலும் பசை ஒரு துளி. பார்த்தால் கண்ணீர் கோத்து நிற்கிற மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். துளியைத் தேன் என்று நினைத்து வந்து உட்கார்கிற கொசுவும் ஈயும் ஒட்டிக்கொள்ள, செடி அதைக் கரைத்துத் தின்றுவிடும். ஐப்பசி மழையில் முளைத்து, தை மாதம் பூத்து, வெயில் ஏறியதும் காய்ந்து போகும். ஒரு வேளைக்கு ஏழு என்றால் நாற்பத்தெட்டு நாளைக்கு முந்நூற்று முப்பத்தாறு செடி வேண்டும். முட்டுக்காட்டுப் பக்கம் ஈர மணல் தாழ்வுகளில் முன்பெல்லாம் கொத்துக் கொத்தாக இருந்ததாம். இப்போது அங்கேயெல்லாம் சவுக்குக் கன்று நட்டுவிட்டார்கள்.

எல்லம்மாள் தேடிப் போனாள். 1956 தை மாதம், கடற்கரையோரமாகவே மூன்று நாள் நடந்தாள். கிடைத்தது இருபத்தாறு செடி. ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். வாசலில் உட்கார்ந்து துணியைப் பிரித்தபோது எல்லாம் அழுகிக் கறுத்துப் போயிருந்தது.

"ஒண்ணுகூட நிக்கலியே," என்று மட்டும் சொன்னாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை.

காசிநாதன் அந்தத் துணியை எறியவில்லை. விவசாயிக்கு எதையும் எறிய மனசு வராது. வெயிலில் காயப் போட்டவர், மறுநாள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். துணியில் மூக்குப்பொடியைத் தூவினது போல ஏதோ ஒட்டியிருந்தது.

"இது இன்னா சாமி? வெதயா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விதைதான். கறுப்பாக, நீள்வாக்கில், நூற்றுக்கணக்கில்.

"வெத கெடச்சா போதும். நெல்லு போட்ட கைக்கு இது ஒரு சோலியா?" என்று சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்தது இல்லை.

பெரிய டாக்டர் அவரைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தின் ஓரத்தில் பாத்தி கட்டினார் காசிநாதன். மக்கின மாட்டெருவைச் சலித்துப் போட்டார், சாம்பல் தூவினார், விதையைத் தூவி மேலே ஒரு விரற்கடை மண்ணை மூடினார், கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். தனக்குப் பிடித்தவருக்கு விருந்து வைக்கிற மாதிரி வைத்தார். மாசி போயிற்று, பங்குனி வந்தது. ஒரே ஒரு செடி முளைக்கவில்லை. புல்தான் மண்டியது.

அன்றைக்கு அவர் பாத்தியோரம் குந்தியிருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனவன் சும்மா போயிருக்கலாம். "எருவைப் போட்டுக் கொன்னுட்டியே! அது மண்ணுல ஒண்ணும் இல்லாத இடத்துல பொறந்த செடிய்யா. அங்க சோறு இல்லாததாலதான் பூச்சி பிடிச்சுத் தின்றது. எருவும் ஆகாது, கிணத்துத் தண்ணியும் ஆகாது. அந்த விதையை மண்ணைப் போட்டு மூடவும் கூடாது, அதுக்கு வெளிச்சம் வேணும்," என்று பொரிந்து தள்ளினேன். தெரிந்ததை முன்னாலேயே சொல்லாமல் இருந்தவன் நான். அந்தக் களைக்கு உதவக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். ஒரு மனிதனின் ஒரு வருஷம் அதில் போயிற்று. அடுத்த மழை வரும்வரை இனி ஒன்றும் செய்ய முடியாது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "பட்டினி போட்டாத்தான் பொழைக்கும்னா, அது இன்னா செடி சாமி?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "பாதி வெத வச்சிகினுகீறேன். முழுசையும் வெதைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. மருந்தறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியும் தக்கையும் கொண்டு வந்து கொடுத்தேன்.

1956 புரட்டாசியில் எல்லம்மாள் முட்டுக்காட்டுத் தாழ்விலிருந்து தலைச்சுமையாகவே மணல் கொண்டு வந்தாள், நாலு நடை. அகலமான மண் தட்டு இருபது வாங்கி அதில் மணலைப் பரப்பினார்கள். விதைப்பதுதான் பெரிய பாடு. நமக்கே விரலில் எடுத்தால் தெரியாத விதை. காசிநாதனின் விரலுக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. அவர் ஒரு கோழியிறகை எடுத்துக்கொண்டார். காகிதத்தை மடித்து விதையை அதன் மடிப்பில் கொட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, இறகு நுனியால் ஒவ்வொன்றாக மணல்மேல் தள்ளினார். ஒரு தட்டு முடிக்க ஒரு காலைப் பொழுது ஆயிற்று. மேலே மண்ணைப் போடாமல் எழுந்திருப்பதற்குள் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டு தடவை கை தானாக மணலை அள்ளப் போயிற்று.

மழை இருந்தவரை மழைத் தண்ணீர். மார்கழியில் மழை நின்றதும் என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். ஊசி மருந்துக்காக நாங்கள் தண்ணீரைக் காய்ச்சி வடிப்போம். அன்றன்றைக்கு மிஞ்சியதை மறுநாள் கொட்டிவிடுவது வழக்கம். அதைப் போத்தலில் பிடித்து அவரிடம் கொடுத்தேன். போத்தலை ஒரு சாண் உயரத்திலிருந்து போட முடியாது, கையில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அவர் விரல் என் விரலில் பட்டது. ஒன்றும் ஆகிவிடவில்லை. அன்றிலிருந்து மாத்திரையையும் கையில்தான் வைத்தேன். இதைக் கோமளத்திடம் இன்றுவரை சொல்லவில்லை.

முளை வந்த நாளை மறக்க முடியாது. ஐப்பசி கடைசியில், குண்டூசித் தலையளவு பச்சை, மணல் முழுக்க. கார்த்திகையில் மயிர் விட்டது. மார்கழியில் ஒவ்வொரு தட்டும் காலை வெயிலில் பளபளவென்று நின்றது. எண்ணிப் பார்த்தோம், நானூற்றுப் பத்து செடி. மற்ற நோயாளிகள் வந்து குந்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. ஓரத்து மயிர்கள் நாலைந்து கண்ணெதிரே வளைந்து அதன்மேல் மூடிக்கொண்டன. காசிநாதன் தன் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"ஒரு கொசுக் காலு பட்டதும் இதுக்குத் தெரியுது. நெருப்பு பட்டாலும் எனுக்குத் தெரியல," என்றார். பிறகு, "இத்தப் போயித் திங்கணுமே சாமி," என்றார்.

1957 தை மாதம் எல்லம்மாள் மாட்டு வண்டி கொண்டு வந்தாள். வைக்கோல் பரப்பி இருபது தட்டையும் அதில் ஏற்றினோம். இரண்டு பெரிய ஜாடியில் வடித்த தண்ணீரும் ஏற்றினேன். அவர் ஊர் ஏரிக்கரையில் அவருக்கென்று ஒரு குடிசை போட்டிருந்தார்கள். நாள்தோறும் பொழுது கிளம்பும்போது சடையப்பனும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் தள்ளி நின்று பார்ப்பார்கள். காசிநாதன் ஏழு செடியைப் பறித்து, மணலை உதறி, ஒட்டியிருந்த பூச்சியோடு மென்று விழுங்குவார். புளிப்பும் காரமுமாக நாக்கை இழுத்துப் பிடிக்கும் என்று பிறகு சொன்னார். உப்பில்லாத கஞ்சியை எல்லம்மாள் கரையில் வைத்துவிட்டுப் போவாள். கூடவே எங்கள் மாத்திரையையும் அவர் விடாமல் சாப்பிட்டார். அது ஊருக்குத் தெரியாது. நோய் திரும்பாமல் இருக்க அதைக் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று நான் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனேன். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. கடைசி ஏழு செடியை அவர் தின்று முடித்ததும் சடையப்பன் என் பக்கம் திரும்பினார்.

"ஐயரே, நீங்க படிச்சவரு. சொல்லுங்க. என் மச்சானுக்கு வியாதி போச்சா?"

"போயாச்சு," என்றேன்.

"இந்த அழுகண்ணியாலதானே?"

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். காசிநாதன் பார்க்கவில்லை. காலியான தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வெண்கலக் கும்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷமாகப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த, புருஷன் சோறு தின்கிற கும்பா. களை என்று கத்தினவன் நான்தான். ஆமென்று தலையை ஆட்டினேன்.

சடையப்பன் முன்னால் வந்து மச்சானின் தோளைத் தொட்டார். அன்றைக்குக் காசிநாதன் தன் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கும்பாவில் சோறு தின்றார். நான் செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பது நாள்தான்.

பத்தாம் நாள் அதே தெருவில் இருக்கிற செல்லம்மா என்பவள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு காசிநாதன் வீட்டுக்கு வந்தாள். பெண்ணுக்கு எட்டு வயது, பெயர் பூவாயி. கன்னத்தில் வெளிறிய தேமல் ஒன்று. மிச்சமிருக்கிற அழுகண்ணியைக் கொடுங்கள், ஊருக்குத் தெரியாமல் தின்னக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டாள். எழுபத்து நாலு செடி மிஞ்சியிருந்தது. காசிநாதன் உள்ளே போனார். செடி எடுக்கத்தான் போகிறார் என்று செல்லம்மா நினைத்தாள். அவர் அந்தக் கோழியிறகை எடுத்து வந்தார்.

"கண்ண மூடிக்கோ தாயி. நான் எங்க தொடுறனோ அங்க வெரல வையி."

நெற்றியில் தொட்டார், விரலை வைத்தாள். மோவாயில் தொட்டார், வைத்தாள். தேமலில் தொட்டார். பெண் கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். திரும்பவும் தொட்டார். "இன்னா, தொடவே இல்லியே?" என்றாள்.

அவர் இறகைக் கீழே வைத்துவிட்டு, "இது தேமல் இல்ல செல்லம்மா. செங்கல்பட்டுக்கு இட்டுகினு போ. மாத்திர குடுப்பாங்க. இப்பவே போனா ஒரு வெரலு மடங்காது," என்றார்.

"உனுக்கு மட்டும் மருந்து வேணும், எம் பொண்ணுக்கு வேணாமா?" என்று செல்லம்மா குரலெடுத்து அழுதாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. சடையப்பனும் வந்தார். "எழுபது செடி கீதே மச்சான், குடுத்தா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றார்.

எல்லம்மாள்தான் எனக்கு இதைச் சொன்னாள். அந்த நேரம் தன் புருஷன் முகத்தைப் பார்த்ததும் என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஒன்பது நாளில் வீட்டில் எது எது எங்கே இருக்கிறது என்றுகூட அவர் முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை என்று சொன்னாள்.

"இது மருந்து இல்ல," என்றார் காசிநாதன். "நான் ஒம்போது வருசமா மாத்திர தின்னு பொழைச்சவன். இப்பவும் தின்னுகினுதான் கீறேன். செடிய ஊருக்காவத் தின்னேன்."

"அப்போ அந்த ஐயரு தலையாட்டினது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"எனுக்காவ ஆட்டினாரு. அவுரு மேல தப்பு இல்ல."

சடையப்பன் ஒரு வார்த்தைதான் கேட்டார். "என்ன ஊரு முன்னால முட்டாளாக்கிட்டியா மச்சான்?"

காசிநாதன் உள்ளே போனார். மீதித் தட்டுகளை ஒரு கூடையில் அடுக்கினார். செல்லம்மாவிடம், "வர்றியா?" என்றார்.  அவள் ஊரைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். பிறகு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். எல்லம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கும்பாவோடு கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. பன்னிரண்டு மைலும் நடந்தே வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நடந்ததைக் கேட்டதும் வழக்கம்போலக் கோபம்தான் முதலில் வந்தது. "நாப்பத்தெட்டு நாள் பூச்சியும் மணலுமாத் தின்னது எதுக்குய்யா? ரெண்டு வருஷம் பாடுபட்டது எதுக்கு? ரகசியமா இந்தப் பொண்ணை இங்க அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"இந்தப் பொண்ண அனுப்பலாம் சாமி. அடுத்ததா ஒர்த்தி வருவா. அவ அழுகண்ணியத் தேடிகினு முட்டுக்காட்டுக்குப் போவா. அத்தப் பாத்துகினே வூட்டுல எப்புடிச் சோறு திங்கிறது?" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மாத்திரைக்காக மார்தட்டினவன் நான். கேட்கிற நேரத்தில் தலையாட்டினேன். வீட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று இருந்த மனுஷன், அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே உண்மையைச் சொன்னார்.

அதன் பிறகு அவர் ஊருக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் சாலையில் ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டு எல்லம்மாளும் அவரும் இருந்தார்கள். தோட்ட வேலை செய்தார். ஒவ்வொரு ஐப்பசியிலும் அழுகண்ணி விதைத்தார். இனி எதற்கு என்று கேட்டேன். "இப்பத்தான் திங்க வேணாமே, சும்மா பாக்கலாம்," என்றார். புதிதாக வருகிற நோயாளி யாராவது மூலிகை மூலிகை என்று முரண்டு பிடித்தால், பெரிய டாக்டர் அவரை இந்தக் குடிசைக்கு அனுப்பி வைப்பார். காசிநாதன் செடியைக் காட்டி, கதையைச் சொல்லி, மாத்திரை வரிசையில் கொண்டு வந்து நிறுத்துவார்.

1959 ஆடியில் நாலு நாள் விஷக் காய்ச்சலில் அவர் இறந்தார். ஊருக்குச் சொல்லி அனுப்பினோம். யாரும் வரவில்லை. நானும் கூடப் போய்க் காரியம் செய்தேன். அன்று கிணற்றடியில் கோமளம் தானே தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பூவாயிக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தோம். கன்னத்தில் அடையாளம்கூட இல்லை, பத்து விரலும் நேராக இருந்தது. கூட்டிப் போக செல்லம்மா வந்தாள். அவளோடு சடையப்பன் வந்தார். நரைத்துப் போயிருந்தார். பெண்ணைத் தலை முதல் கால்வரை பார்த்தார். அவள் விரல்களைத் தன் கையில் எடுத்து ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லம்மாள் கொஞ்ச தூரத்தில் மண் தட்டின் முன்னால் குந்தி, கோழியிறகால் விதை தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. சடையப்பன் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"எல்லம்மா. மச்சானோட காயிதம் வச்சிகினுகீறியா?"

அவள் முதலில் கையிலிருந்த தட்டை முடித்தாள். முடித்ததும் எழுந்து குடிசைக்குள் போய்க் கும்பாவை எடுத்து வந்தாள். அதற்குள் மடித்து வைத்திருந்தாள். நாலு வருஷத்தில் மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது.

"அன்னிக்கு இத்த ஊருல ஒர்த்தரும் தொடல அண்ணாத்த," என்றாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கிழிந்துவிடுமோ என்று பதமாக என்னிடம் நீட்டினார்.

"படிங்க ஐயரே."

என் கையெழுத்துதான். இருந்தும் எழுத்து கலங்கித் தெரிந்தது. படித்தேன். "காசிநாதன் என்கிற இவருக்கு இப்போது நோய் இல்லை. இவரால் பிறருக்குத் தொற்றாது. இவர் வீட்டுக்குப் போகலாம்."

சடையப்பன் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.